வேம்பையன் சாகாத ஊர்

"அன்புடையீர், அண்மையில் சென்னையில் காலமான குணசித்திர நடிகர் அமரர் ஏ. கே. வேம்பையன் அவர்களுக்கு எதிர்வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடைபெறவுள்ளது. அமரரின் புகழ்பெற்ற மரணக் காட்சியை எமது பதுளை மண்ணில் திரையிட்டு, ஆயிரக்கணக்கான கண்களைக் கலங்கவைத்த ஒப்பரேட்டர் என்ற வகையில், தங்கள் தொழில் அனுபவங்களை இளந்தலைமுறையினரோடு பகிர்ந்துகொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்."

கடிதத்தில் ஒன்பதாம் திகதி போட்டிருந்தது. என் கைக்கு வந்தது பதின்மூன்றாம் திகதி. நினைவஞ்சலிக் குழுவின் செயலாளர் சதாசிவத்தின் வீடு எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. துக்கத்தில் மெதுவாக நடந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

திகதி பார்க்கும் பழக்கம் உள்ளவனுக்குப் பிழைகள்தான் முதலில் கண்ணில் படும். எங்கள் படமாளிகையில் ஆயிரம் பேர் உட்காரவேண்டுமானால் பாதிப் பேர் மற்றப் பாதியின் மடியில் உட்கார்ந்திருக்கவேண்டும். அது சின்னப் பிழை. பெரிய பிழை, அந்த மரணக் காட்சி பதுளையில் ஒரே ஒரு தடவைதான் ஓடியது. அன்றைக்குக் கண்கள் கலங்கவில்லை. உட்காரும் வாங்குகள்தான் உடைந்தன.

கடிதத்தின் அடியில் நீலப் பேனாவால் ஒரு பின்குறிப்பு இருந்தது. "லுணுகலை முத்துக்கருப்பன் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசி, அமரரின் படத்துக்கு மாலை போடவேண்டும் என்று கேட்டு வந்தார். அமரரின் ரீலைத் திருடியவரை அமரரின் படத்துக்கு முன்னால் நிறுத்துவது முறையல்ல என்று குழு முடிவு செய்திருக்கிறது. தங்களுக்கும் சம்மதமாக இருக்கும் என நம்புகிறோம்."

கடிதத்தை ஒரு தடவையும் பின்குறிப்பை நான்கு தடவையும் வாசித்தேன். அந்த ரீலை யார் எடுத்தார், எங்கே வைத்தார், எந்தக் கிழமை வைத்தார் என்று தெரிந்தவன் இந்த ஊவா மாகாணத்தில் இப்போது நான் ஒருவன்தான். வைத்தவனும் நான்தான்.

வேம்பையனைத் தெரியாத இளந்தலைமுறைக்காக ஒரு பத்தி. அவர் கதாநாயகர்களின் அப்பா. அறுபது வயது வேடத்தை முப்பத்தைந்தில் தொடங்கியவர். அவருடைய படமகன்கள் எல்லாரும் வருடத்துக்கு வருடம் இளைஞர்களாகிக்கொண்டே போனார்கள். அவர் ஒருவர்தான் முறைப்படி கிழவரானார். எல்லாப் படத்திலும் சுமை தூக்குவார், முதலாளி முன்னால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார், ஏதோ ஒரு கட்டத்தில் அந்தத் துண்டை மறுபடி தோளில் போடுவார். அந்த ஒரு கணத்துக்காகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனம் லொறி பிடித்து வரும். கதாநாயகனுக்கு விசில் அடித்தவர்கள் டவுன்காரர்கள். வேம்பையனுக்கு யாரும் விசில் அடிப்பதில்லை. தோட்டத்துச் சனம் அவரைப் பெயர் சொல்லி எச்சரிக்கும். "வேம்பையா, அந்த வீட்டுக்குப் போகாதய்யா!" போவார். போய்ச் சாவார். அவருடைய தொழில் அது.

என் தொழில் அவரை வெளிச்சத்தில் காட்டுவது. கற்றுக்கொண்ட கதை நீளமில்லை. முதல் வருடம் மிஷின் அறையைக் கூட்டினேன், இரண்டாம் வருடம் ரீல் சுற்றினேன், மூன்றாம் வருடம் மிஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியில் விரலைச் சுட்டுக்கொண்டேன். விரல் ஆறியதும் என்னை ஒப்பரேட்டர் என்றார்கள். திரையின் வலது மேல் மூலையில் கறுப்புப் பொட்டு வரும். முதல் பொட்டுக்கு அடுத்த மிஷினை ஓட்டவேண்டும், இரண்டாவது பொட்டுக்கு மாற்றவேண்டும். இருபத்தேழு வருடம் எல்லாப் படத்திலும் நான் கவனமாகப் பார்த்தது அந்தப் பொட்டைத்தான். கதை கேட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

எங்கள் மேனேஜரைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். எப்போதும் வெள்ளைச் சட்டை, இரண்டு கைக்குட்டை. ஒன்று முகத்துக்கு, மற்றது கண்ணாடிக்கு. குரல் உயர்த்தமாட்டார். எந்தக் கட்டளையையும் முழுதாகச் சொல்லவுமாட்டார். "தம்பி, அந்த மூணாவது பாட்டு... சனம் களைச்சிருக்கும்" என்பார். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடிப்பதற்குள் நாம் பாட்டை வெட்டியிருக்கவேண்டும். நாளைக்கு விசாரணை வந்தால், சனம் களைத்திருக்கும் என்று சொன்னதைத் தவிர அந்த மனிதர் வேறு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். இத்தனை வருட வாசிப்பில் அரசர்கள், தளபதிகள் பலரைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கையோடு ஆட்சி செய்த ஒருவரைச் சந்தித்தது பதுளையில்தான்.

என் குறிப்புப் புத்தகம் அவருக்குப் பிடிக்காது.

"என்ன தம்பி அது?"

"எந்த ரீல் எத்தனை மணிக்கு ஓடிச்சுன்னு எழுதுறேங்க ஐயா."

"ஓடினது சனத்துக்குத் தெரியும்தானே. எழுதி வைக்கிறதெல்லாம் பின்னாடி சண்டைக்குத்தான்."

சொன்னது சரிதான். நாற்பத்தைந்து வருடம் பிந்தி நிரூபணமானது.

இனி அந்தப் படம். பெயரில் தாய் இருக்கும். தாய் முதல் ரீலிலேயே இறந்துவிடுவாள். மீதிப் பதின்மூன்று ரீலையும் அப்பா வேம்பையன் தூக்கிச் சுமக்கவேண்டும். பிரதி ஒன்று, ஊர் இரண்டு. பண்டாரவளையில் ஒன்றரை மணிக் காட்சி, எங்களுக்கு நாலு மணிக் காட்சி. அங்கே முதல் ஏழு ரீல் ஓடியதும் அதைத் தகரப் பெட்டியில் போட்டு பஸ் கண்டக்டரிடம் ஒப்படைப்பார்கள். நாங்கள் அதை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அங்கே பின் ஏழு ஓடி முடியும். அந்த இரண்டாவது பெட்டியோடு எங்கள் ஆள் அடுத்த பஸ்ஸில் வருவார். வழியில் ஒரு டயர் பஞ்சரானால் பதுளையில் இடைவேளை ஒரு மணி நேரம். திரையில் சவர்க்கார விளம்பரமும், "அமைதி காக்கவும்" என்ற சிலைடும் மாறி மாறிப் போகும். சனம் முதலாவதைப் பார்த்து இரண்டாவதை மறந்துவிடும்.

அந்த எங்கள் ஆள்தான் முத்துக்கருப்பன். அப்போது முப்பது தாண்டிய குடும்பஸ்தர், பொட்டிக்காரர் என்று பெயர். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். பெட்டியை இருக்கையில் வைத்துத் தான் பக்கத்தில் நிற்பார். பிஞ்சுப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். இத்தனை ரீல் சுமந்தும் அவர் எந்தப் படத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. முதல் பாதி எங்களிடம் ஓடும்போது அவர் பஸ்ஸில் இருப்பார். பின் பாதி ஓடும்போது களைப்பில் தூங்கிவிடுவார்.

பண்டாரவளையில் படம் வெள்ளிக்கிழமை தொடங்கியது. எங்களுக்கு ஞாயிறு, தீபாவளிக்கு முந்திய நாள். மழை. ஐந்தே முக்காலுக்கு முத்துக்கருப்பன் தலையில் பெட்டியோடு படியேறி ஓடிவந்தார். நான் டப்பாக்களை அடுக்கினேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு.

"பன்னெண்டு எங்கண்ணே?"

"அது அங்க மிஷின்ல சிக்கி அறுந்து போச்சு தம்பி. மேசையில போட்டு ஒட்டிக்கிட்டு இருக்காங்க. பஸ்ஸுக்காரன் ஹோன் அடிக்கிறான். பன்னெண்டுக்காக நின்னா மத்த ஆறும் வராதுன்னு ஏறிட்டேன்."

மேனேஜரிடம் ஓடினேன். "சனம் கேட்டா..." என்றார். கண்ணாடியைத் துடைத்தார். "கேக்காது."

கேட்கவில்லை. பதினோராவது ரீலின் முடிவில் வேம்பையன் லாந்தரோடு மழையில் மகனைத் தேடிப் போகிறார். பன்னிரண்டாவதில் பாலத்தடியில் வெள்ளத்தில் கிடந்து, மகன் மடியில், மிக நிதானமாகச் சாகிறார். அது இல்லை. பதின்மூன்றாவதில் மகள் ஜன்னலோரம் அழுகிறாள். அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லையே என்று அழுகிறாள் என்று சனம் எடுத்துக்கொண்டது. பதினான்காவதில் அவள் கல்யாணம். அதில் அவள் நினைப்பில் அப்பா வந்து ஆசீர்வாதம் பண்ணுகிறார். நினைப்பு என்று காட்டுவதற்கு இயக்குநர் புகை போட்டிருந்தார். எங்கள் மிஷின் வெளிச்சத்தில் எல்லாப் படத்திலும் எல்லாக் காட்சியும் புகைமூட்டமாகத்தான் இருக்கும். ஆக, வேம்பையன் நேரம் பிந்தியாவது கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். அன்றைய குறிப்பில் "கைதட்டல், நீண்டது" என்று எழுதியிருக்கிறேன்.

படம் விட்டு இறங்கிய ஒருவர் மிஷின் அறை ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "ஒப்பரேட்டர் அண்ணே! இந்த மனுசன ஒரு படத்துலயாவது சாகடிக்காம விட்டீங்களே, நல்லா இருப்பீங்க!"

மறுநாள் தீபாவளி. ஒட்டிய பன்னிரண்டாவது ரீல் வந்து சேர்ந்தது. நான் மகிழ்ச்சியோடு அதை மாட்டினேன். முழுப் படம் காட்டுவது ஒப்பரேட்டருடைய கௌரவம் என்று நம்பிய வயது. கீழே மண்டபம் நிறையப் புதுச் சட்டை, புதுச் சேலை. முந்திய நாள் பார்த்தவர்கள் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: வேம்பையன் சாகமாட்டார், நல்ல நாளில் தைரியமாகப் போய்ப் பார்க்கலாம்.

வேம்பையன் சாகத் தொடங்கினார். முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு கெலரியிலிருந்து ஒரு குரல்: "ஏய், நேத்து சாகலியே!" அதற்குப் பதிலாக இன்னொரு குரல்: "இன்னிக்குத்தான்டா நல்ல நாளு பாத்திருக்கானுங்க!" ஒரு பெண் எழுந்து நின்று, மேலே என் மிஷின் அறை ஓட்டையைப் பார்த்து, "தீபாவளியும் அதுவுமா புள்ளைகுட்டியோட வந்தவங்கள எழவு வீட்டுலயா ஒக்கார வச்சீங்க? நீங்கள்லாம் வெளங்குவீங்களா?" என்று கேட்டார். வேம்பையன் இன்னும் இறந்து முடிக்கவில்லை. முதல் வாங்கு உடைந்த சத்தம் கேட்டது. நான் விளக்கை அணைத்தேன்.

அன்று மாலை ஏழெட்டுக் குடும்பம் நேராகத் தோட்டத்துக்குப் போகவில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள், சாவு வீட்டுக்குப் போய்வந்த தீட்டு என்று, கொட்டுகிற குளிரில் பதுளு ஓயா ஆற்றில் மறுபடி முழுகிவிட்டு ஈரத்தோடு லொறியேறினார்கள். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது எந்த அரசாங்கமும் கொடுத்ததாக நான் வாசித்ததில்லை. அவருக்கு அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பன்னெண்டாவது ரீலு... பாரமா இருக்கு." கைக்குட்டை வெளியே வந்தது. அன்றிலிருந்து பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று. இரண்டு வாரத்தில் பண்டாரவளை ஓட்டம் முடிந்து பிரதி முழுதும் எங்களிடம் தங்கியது. அப்போது இன்னொரு அரை வாக்கியம் வந்தது: "யாராவது கைதவறி அத ஓட்டிட்டா... என் அலுமாரியில இடம் இருக்கு." என் குறிப்பு: "புதன். ரீல் 12 மேனேஜர் அறை அலுமாரியில் வைத்தேன். சாவி அவரிடம்."

வேம்பையன் சாகாத அந்தப் படம் தை பிறக்கும் வரை ஓடியது. ஊவாவில் ஊர் ஊராக ரசிகர் மன்றம் முளைத்தது அந்த நாட்களில்தான். அவர் எந்தக் காட்சிக்காக உலகத்தில் பேசப்பட்டாரோ, அந்தக் காட்சியைப் பார்க்காதவர்களே அவருக்கு உயிரைக் கொடுத்தார்கள்.

படத்தைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் நாளில் மேனேஜர் ஊரில் இல்லை. அலுமாரிச் சாவி அவரோடு போயிருந்தது. ரயில் காத்திருக்காது. பதின்மூன்று ரீலைக் கட்டி முத்துக்கருப்பனிடம் கொடுத்தேன். பன்னிரண்டாவதை மேனேஜர் பிறகு அனுப்பிவைப்பார் என்று நினைத்தேன். அவர் பிறகு அனுப்புகிறவர் அல்ல என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். ரீல் ஒன்று குறைகிறது என்று மாசி மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"பெட்டிய ஏத்துனது யாரு?"

"நாந்தாங்க ஐயா. கட்டிக் குடுத்தத அப்புடியே ரயில்ல ஏத்துனேன். தொறந்தே பாக்கலீங்க."

"தொறந்து பாக்கல்ல..." என்றார் மேனேஜர். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, கட்டும்போது பதினாலும் இருந்திச்சுதானே?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அலுமாரியைப் பார்த்தேன். நான் அலுமாரியைப் பார்ப்பதை மேனேஜர் பார்த்தார். முத்துக்கருப்பன் அலுமாரியைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து முடித்தார். நான் சொல்லவில்லை என்பது ஆமாம் என்று பதிவானது. மறுநாளிலிருந்து முத்துக்கருப்பன் வேலைக்கு வரவேண்டியதில்லை.

அன்றிரவு என் புத்தகத்தில் நடந்ததை முழுதாக எழுதினேன். கிழமை, நேரம், யார் எங்கே நின்றார், எல்லாம். உண்மையை எழுதி வைத்துவிட்டால் சொன்ன மாதிரிதான் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை.

ஊர் தன் பங்குக்கு மிச்சத்தை எழுதியது. ரீலை, பிலிமை உருக்கி வளையல் செய்கிறவனுக்கு விற்றுவிட்டான் என்றது. வேம்பையனின் சாவை வளையலாக்கிப் பெண்டாட்டிக்குப் போட்டுவிட்டான் என்றும் ஒரு பாடம் உண்டு. லுணுகலைப் பக்கம் அவருடைய லயத்து வீட்டுக்கு ரீல் கள்ளன் வீடு என்று பெயர் விழுந்தது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு லயத்து வாசலோடு திரும்பிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட திகதியும் என்னிடம் இருக்கிறது. படமாளிகையை மூடினார்கள், அங்கே இப்போது கட்டிலும் சோபாவும் விற்கிறார்கள். மேனேஜர் எல்லாருடைய மரியாதையோடும் காலமானார். நான் மாலை போட்டேன்.

இத்தனை வருடம் கழித்து வேம்பையனும் போனார். அந்த வாரம் ஒரு தொலைக்காட்சியில் படத்தை வெட்டாமல் போட்டார்கள். பதுளை ரசிகர்கள் மரணக் காட்சியை முதன்முதலாக முழுதாகப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில், அதைச் சின்ன வயதில் எங்கள் படமாளிகையில் பார்த்து அழுததாக எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது.

கடிதம் கிடைத்த மறுநாள் சதாசிவத்தைப் போய்ப் பார்த்தேன். டியூஷன் வகுப்பு நடத்துகிறவர், நாற்பது வயது, நல்ல மனிதர்.

"முத்துக்கருப்பன் அண்ணனுக்கு ரெண்டு நிமிசம் குடுத்தா என்ன?"

"என்னங்க ஒப்பரேட்டர் ஐயா, நீங்களே இப்புடிச் சொல்றீங்க? கள்ளனுக்கு மைக்கு குடுத்தோம்னு சனம் எழும்பிப் போயிரும்."

"கள்ளன்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுதே."

"ஊருக்கு யாரு சொன்னது?"

"அது எனக்கு எப்புடிங்க தெரியும்? நான் அப்ப பொறக்கவே இல்லியே." பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஐயா, அந்தச் சாவு சீன்ல நம்ம ஊரே அழுதத நெனைச்சா இன்னிக்கும் எனக்கு ஒடம்பு சிலுக்குது" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். புத்தகம் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த வேலையில் எனக்கு நீண்ட அனுபவம்.

ஞாயிறு பத்து மணிக் கூட்டம் பதினொன்று பத்துக்குத் தொடங்கியது. மேடையில் பெரிய பதாகை. அதில் இருந்தது வேம்பையன் அல்ல, அதே காலத்தில் கணக்குப்பிள்ளை வேடங்களில் வந்த இன்னொருவர் என்று நான் சதாசிவத்தின் காதில் சொன்னேன். "மீசை ஒண்ணுதானே ஐயா" என்றார். நல்லவேளை, மாலை போடுவதற்கு மேசைமேல் வைத்திருந்த சின்னப் படம் சரியானது. முத்துக்கருப்பன் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

முதலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசினார். "அந்த மரணக் காட்சியிலே நான் மயங்கி விழுந்துவிட்டேன். என்னை நாலு பேர் தூக்கிச் சென்றார்கள்" என்றார்.

நடு வரிசையிலிருந்து பொன்னம்மா என்கிற அக்கா எழுந்தார். தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர், வாய் ஓயாதவர். "எந்தக் காட்சியிலங்க சேர்? அவரு சாகவே இல்லியே. மக கல்யாணத்துக்கு வந்தாரே. நானும் எங்க வீட்டுக்காரரும் கண்ணால பாத்தோமே."

"ஒக்காருங்கக்கா, ஒங்களுக்கு வயசாயிருச்சு" என்றது ஒரு குரல்.

"எனக்கு வயசாச்சு. படத்துக்குமா வயசாச்சு?"

சிரிப்பு. இந்த நேரத்தில் என்னை அழைத்தார்கள். நான் அனுபவம் எதையும் பகிரவில்லை. புத்தகத்தை எடுத்து ஐந்து குறிப்புகளை வாசித்தேன். ஞாயிறு, தீபாவளித் திங்கள், செவ்வாய், அலுமாரிப் புதன், கடைசியாக அந்த மாசி மாதத்து நாள். வாசிக்கும்போது இடையில் எதுவும் விளக்கவில்லை. "ரீல் 12ஐ அலுமாரியில் வைத்தவன் நான். முத்துக்கருப்பன் அண்ணன் அதை எடுக்கவே இல்லை. அன்று நான் வாய் திறக்கவில்லை" என்று முடித்தேன்.

எனக்கு எதிர்பார்ப்புகள் இருந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. சனம் திகைத்துப்போகும், முத்துக்கருப்பன் கண்கலங்குவார், நான் அடக்கமாக இறங்கிவருவேன். நடந்தது வேறு.

"அப்ப நான் மயங்கி விழுந்தது?" என்றார் ஆசிரியர், உண்மையான கவலையோடு.

"அது ஒங்க வீட்டு டிவிக்கு முன்னாடியா இருக்கும் சேர்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் சொன்னேன்ல? பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று பொன்னம்மா அக்கா நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார். சதாசிவம் என் முழங்கையைப் பிடித்து, "ஐயா, இத இன்னிக்குத்தான் சொல்லணுமா? இவ்வளவு நாளும் எங்கள ஏமாத்திட்டீங்களே, எவ்வளவு பெரிய சீனு!" என்றார். ஒரு மனிதன் நாற்பத்தைந்து வருடம் சுமந்த பழியைப் பற்றிச் சொன்னேன்; ரசிகர்களுக்குத் தாங்கள் இழந்த காட்சிதான் பெரிய நட்டமாகப் பட்டது.

முத்துக்கருப்பன் நடுவழியாக நடந்து வந்தார். யாரும் தடுக்கவில்லை. மேடைக்கு ஏறி என் கையிலிருந்த புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பொஸ்தகம் அன்னிக்கும் ஒங்க பையிலதானே இருந்திச்சு தம்பி?"

"ஆமாண்ணே."

"எழுத்துத் தெரிஞ்ச மனுசன்" என்றார். அவ்வளவுதான் எனக்குச் சொன்னது. ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

பிறகு மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"வேல போனப்பறம் கொழும்புல கட்டட வேலைக்குப் போனேங்க. அப்ப இந்தியாவுல இருந்து நடிகருங்க வந்து ஒரு கலை நிகழ்ச்சி நடந்திச்சு. உள்ளுக்குப் போக வழியில்ல. பின்பக்கத்துக் கேட்டுல நின்னேன். இவரு தனியா வெளிய வந்து சுருட்டு பத்த வச்சாரு. 'ஐயா, பதுளையில ஒங்க சாவு சீன எடுத்துட்டாங்க, திருடுனது நாந்தான்னு பழி போட்டுட்டாங்க'ன்னேன். அவரு மொதல்ல கோவப்பட்டாரு. 'அந்தத் தண்ணியில நாலு நாளு கெடந்தேன்யா! காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன்! அதையா எடுத்தானுங்க?'ன்னாரு. ஆமாங்க, நீங்க சாகக்கூடாதுன்னு சனம் சண்ட புடிச்சிச்சு, வாங்கெல்லாம் ஒடைஞ்சிச்சுன்னேன். கொஞ்ச நேரம் சுருட்டக் குடிச்சாரு. 'சாகாதப்ப, சனம் சிரிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போச்சா?'ன்னு கேட்டாரு. போச்சுங்கன்னேன். 'அப்ப விடுய்யா'ன்னாரு. அவரு விடச் சொன்னாரு, நானும் விட்டுட்டேன். ஊருதான் விடல."

வாழையிலையைப் பிரித்து மாலையைப் போட்டார். கைதட்டல், நீண்டது. சதாசிவம் அவருக்கு முன் வரிசையில் நாற்காலி கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்தார்.

செய்யாத ஒன்றை அவர் செய்தார் என்று நாற்பத்தைந்து வருடம் சான்றில்லாமல் நம்பிய கூட்டம், இதையும் இரண்டு நிமிடத்தில் சான்றில்லாமல் நம்பியது. மறுவாரம் குழு வெளியிட்ட அறிக்கையில் "அமரரை நேரில் சந்தித்து உரையாடிய மலையகத்தின் ஒரே ரசிகர் திரு. முத்துக்கருப்பன்" என்று அச்சாகிவிட்டது. என் வாசிப்பைப் பற்றி, "ஒப்பரேட்டர் சில சுவையான தகவல்களை வழங்கினார்" என்று இருக்கிறது.

கூட்டம் முடிந்து போகும்போது முத்துக்கருப்பன் என் அருகில் நின்றார். "நான் சொன்னதையும் எழுதிக்கோங்க தம்பி" என்றார். எழுதிக்கொண்டேன். எழுதியதைச் சரிபார்க்காமல் விட்டுப் பழக்கமில்லாததால், அடுத்த இரண்டு மாதம் அதற்குப் போனது. வேம்பையன் அந்தப் படப்பிடிப்பில் காய்ச்சலாகக் கிடந்தாரா என்று சென்னையில் இருக்கும் ஒரு பழைய ரசிகருக்கு எழுதினேன், பதில் இல்லை. அந்த ஆண்டின் பத்திரிகைக் கட்டு ஒன்று ஒரு நூலகத்தில் அகப்பட்டது. கொழும்பில் கலை நிகழ்ச்சி நடந்திருக்கிறது. வந்த நடிகர்களின் பெயர்களைப் போட்டிருக்கிறார்கள். கதாநாயகர்கள், கதாநாயகிகள், நகைச்சுவை நடிகர் ஒருவர், பின்னணிப் பாடகி ஒருவர். வேம்பையன் பெயர் இல்லை. பட்டியல் "மற்றும் பலர்" என்று முடிகிறது.

அந்தப் பலரில் வேம்பையன் இருந்தாரா என்பது இதை எழுதும் இன்று வரை உறுதிப்படுத்தப்படவில்லை.